சோற்றை நிறுத்தினால் கிருமி சாகுமா?

போன மாதம் இந்தப் பகுதியில் ரத்தசோகை பற்றி எழுதியிருந்தேன். அதைப் பற்றிக் கேட்டு எழுதுவீர்கள் என்று நினைத்தால், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எச்.ஐ.வி. பற்றியவை. பலவற்றில் பெயர் இல்லை. சிலவற்றில் ஊர் கூட இல்லை. பரவாயில்லை, பெயர் எதற்கு, கேள்வி போதும். அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 29 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் நிறைய வருடம், எச்.ஐ.வி. தாக்குகிற சி.டி.4 என்ற எதிர்ப்புச் செல்களை எண்ணித் தருவதே என் வேலை. நான் டாக்டர் இல்லை, மருந்தை மாற்றச் சொல்வது என் வேலையும் இல்லை. அந்தச் செல்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும். இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது, லாரி ஓட்டுகிறார். பத்து வருடமாக எச்.ஐ.வி.யை அடக்குகிற ஏ.ஆர்.டி. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். நாலு மாதத்துக்கு முன் போனில் ஒரு வீடியோ வந்தது. எச்.ஐ.வி. கிருமி சர்க்கரையைத் தின்றுதான் வளருகிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் பட்டினியிலேயே செத்துவிடும் என்று அதில் சொன்னார்களாம். அன்றிலிருந்து சோறு, இட்லி, களி எதையும் தொடுவதில்லை. முட்டையும் பாதாமும்தான். ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். இப்போது மாத்திரையையும் நிறுத்திப் பார்க்கலாமா என்கிறார். நான் என்ன சொல்வதுங்க?
— பெயர் வேண்டாம், குமாரபாளையம்

பதில்: அம்மிணி, விளக்கமெல்லாம் அப்புறம். முதலில் இந்த வாரமே அவரை ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு எடை இறங்கினால், அது பேலியோ என்கிற இந்த மாவுச்சத்தில்லாத உணவால் இறங்கியது என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஒரு நாள் கூட நிறுத்த விடாதீர்கள்.

சரி, இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். அதில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் நம்பியிருக்கிறார், அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கள் அப்பா பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி வைத்திருந்தார். அதனால் எனக்கு எதையும் தறியாகத்தான் யோசிக்க வரும், உங்கள் ஊர்க்காரர்களுக்கும் அதுதான் புரியும். நம் ரத்தத்தில் உள்ள சி.டி.4 செல் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிற தறி மாதிரி. கொஞ்சமாக எரிபொருள் எடுத்துக்கொண்டு, வளராமல், பெருகாமல் இருக்கும். ஒரு கிருமி உடம்புக்குள் வந்துவிட்டது என்று தகவல் கிடைத்தால் அது விழித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் இரண்டு மடங்கு பருத்துவிடும். சர்க்கரை உள்ளே போகிற கதவுகள், குளூட்-1 என்று பெயர், செல்லின் மேல் நிறைய முளைக்கும். உள்ளே வருகிற சர்க்கரையைச் செல் வெறும் சக்திக்காக மட்டும் எரிப்பதில்லை. புதுச் செல்லுக்கு வேண்டிய மரபணுத் துண்டுகளுக்கும் சவ்வுக்கும் அதிலிருந்தே சரக்கு எடுக்கும். அப்போதுதான் ஒரு செல் பல ஆயிரம் ஆக முடியும்.

எச்.ஐ.வி. கிருமிக்குச் சொந்தமாக நூலும் இல்லை, கரண்டும் இல்லை. அது ஆர்.என்.ஏ.வாக உள்ளே வருகிறது. டி.என்.ஏ.வாக மாறினால்தான் நம் மரபணுவுக்குள் போய் உட்கார முடியும். அப்படி மாறுவதற்கு டி.என்.ஏ.வைக் கட்டுகிற அச்சுத் துண்டுகள் வேண்டும். சும்மா நிற்கிற செல்லில் அவை கிடைப்பதே அரிது. சாம்எச்டி1 என்று ஒரு புரதம் அங்கே அந்தத் துண்டுகளை உடைத்துக்கொண்டே இருக்கும். பாவு இல்லாத தறியில் யார் வந்து உட்கார்ந்து என்ன நெய்வது? அதனால் கிருமிக்குத் தோதுப்படுவது ஓடுகிற தறிதான். ராத்திரி ஷிப்டில் யாரோ ஒருத்தன் புகுந்து, நம் நூலில், நம் கரண்டில், அவன் துணியை நெய்துகொண்டு போகிற மாதிரி. பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் செல் செல்லாகப் பார்த்துச் சொன்னார்கள். எந்தச் செல்லில் இந்த எரிப்பும் கட்டுமானமும் மும்முரமாக நடக்கிறதோ அதைத்தான் கிருமி அதிகம் பிடிக்கிறது. சர்க்கரையை எரிக்க விடாமல் தடுக்கும் ஒரு ரசாயனத்தை ஆய்வகத் தட்டில் ஊற்றியபோது தொற்று குறைந்தது. வீடியோக்காரர் பிடித்துக்கொண்ட நூல் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, உங்கள் வீட்டுக்காரரின் உடம்பு வேறு. அவர் சோற்றை நிறுத்தினாலும் ரத்தத்தில் சர்க்கரை நிற்காது. ஈரல் விடாது. தின்ற முட்டையிலிருந்தும், அது போதாவிட்டால் அவருடைய சதையிலிருந்தும் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அப்படி விடாவிட்டால் மூளைக்கு என்ன போகும்? இன்னொன்று, கிருமி பிடித்த செல் சர்க்கரையை மட்டும் நம்பி இல்லை. குளூட்டமின் என்கிற அமினோ அமிலத்தையும் எரிக்கிறது. அதைத் தயாரிப்பது நம் சதையேதான். ஊருக்கே கரண்டை நிறுத்தினால் திருடன் ஓட்டுகிற தறி மட்டுமா நிற்கும்? நம்மைக் காக்கிற செல்களும் நின்றுபோகும். பட்டினியில் முதலில் இளைப்பது அவர், கிருமி இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே ஒரு கணக்கைச் சொல்லியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே உடம்புக்குப் பத்து சதவீதம் சக்தி கூடுதலாக வேண்டும். நோய் வந்துவிட்டால் 20 முதல் 30 சதவீதம். ஏன் என்று கேட்பீர்கள். தொற்றின் முதல் சில வாரங்களிலேயே கிருமி குடலைச் சுற்றியுள்ள சி.டி.4 செல்களை அழித்துவிடுகிறது. உடம்பிலேயே அவை அதிகம் இருக்கிற இடம் அது. அங்கே காவல் போனதும் குடல் சுவர் ஒழுக ஆரம்பிக்கிறது. குடலில் உள்ள பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. அதைப் பார்த்து எதிர்ப்புச் செல்கள் ராத்திரி பகல் இல்லாமல் விழித்தே இருக்கின்றன. விழித்த செல்தான் கிருமிக்கு வேண்டியது என்று மேலே சொன்னேன் இல்லையா? கிருமி தனக்கு வேண்டிய தறிகளைத் தானே ஓட வைத்துக்கொள்கிறது. மாத்திரை இந்தச் சுற்றை அறுக்கிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் அந்த விழிப்பு முழுசாக அடங்குவதில்லை, ஆனால் வெகுவாகக் குறைகிறது.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் கேட்பதை உலகத்தில் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேர் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார்கள். மீதிப் பேர் சி.டி.4 எண் நன்றாக இருக்கும்போது நிறுத்தினார்கள், இறங்கினால் திரும்ப ஆரம்பித்தார்கள். நிறுத்தியவர்களில் நோயும் சாவும் கூடியதால் 2006-ல் ஆய்வையே பாதியில் முடித்துக்கொண்டார்கள். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கிருமி ரத்தத்தில் திரும்பத் தெரியும்.

அவருக்குச் சோறு பிடிக்கவில்லை என்றால் கம்பங்களியும் கொள்ளுப்பருப்பும் கொடுங்கள். முட்டையையும் விட வேண்டாம். பத்து வருடம் லாரியில் எங்கெங்கோ போயும் மாத்திரையைத் தவறவிடாத மனுசன் அவர். அது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். போன வருடம் சி.டி.4 640 இருந்தது. இந்தத் தடவை 560. மாத்திரை ஒரு வேளை கூட விடவில்லை. மருந்து வேலை செய்யவில்லையோ என்று தூக்கம் வருவதில்லை.
— ஒரு சகோதரி, திருப்பூர்

பதில்: கண்ணு, நன்றாகத் தூங்கு. இந்த எண்ணை எண்ணியவள் சொல்கிறேன், 640-க்கும் 560-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஆளின் ரத்தத்தில் காலையில் சி.டி.4 குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருக்கும். சளி பிடித்திருந்தால் இறங்கும். முதல் நாள் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்து ரத்தம் கொடுத்தாலும் மாறலாம். மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது, ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பார்க்கிற வைரல் லோடு பரிசோதனை. அதில் கிருமி கண்டறியப்படவில்லை என்று வந்திருக்கிறதா பார். வந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. உன்னிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது என்பதும் நிச்சயமாக நிரூபிக்கப்பட்ட விஷயம்.

இந்த எண்ணைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2004-ல் நம் நாட்டில் இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்தபோது, சி.டி.4 200-க்குக் கீழே வந்தவர்களுக்கே முதலில் மருந்து. மருந்தும் குறைவு, அறிவும் அவ்வளவுதான். அந்த விதி இருந்த காலத்தில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி வந்தார், 27 வயது இருக்கும். எண் 340. 'இன்னும் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாங்க' என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவள் நான்தான். அவர் சந்தோசமாகச் சிரித்துவிட்டுப் போனார். பதினாலு மாதம் கழித்து அவருடைய அம்மா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அன்றைக்கு எண் 61. ஒரு மாதம் கூட இருக்கவில்லை.

அந்தப் பதினாலு மாதமும் அவர் உடம்பில் எதுவும் சும்மா இருக்கவில்லை. 340 என்று நான் எழுதிக் கொடுத்த அன்றைக்கே செல்கள் தினமும் கோடிக்கணக்கில் செத்து, கோடிக்கணக்கில் பிறந்துகொண்டிருந்தன. செல்கள் வளர்ந்து பழகுகிற நெறிக்கட்டிகள் தழும்பேறிக்கொண்டிருந்தன. நான் பார்த்த எண், வரவுக்கும் செலவுக்கும் நடுவில் மிஞ்சியது மட்டும்தான். 4,685 பேரை வைத்து நடந்து 2015-ல் முடிவு வந்த ஆய்வு, எண் 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்து ஆரம்பித்தால் கடுமையான நோயும் சாவும் பாதிக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. 2017 முதல் நம் நாட்டில் எண் எதுவானாலும், கிருமி இருக்கிறது என்று தெரிந்ததுமே மருந்து. உனக்கு 560 இருக்கும்போதும் கையில் மாத்திரை இருக்கிறதே, அந்தப் பையனுக்கு அது கிடைக்கவில்லை.

கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாய். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமும் உனக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குப் போன் செய். காசு ஆகாது, தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எச்.ஐ.வி. பிடித்த செல் சாகிறது என்று ஒரு பாடத்தில் படித்தேன். பிடித்த செல் பல வருடம் உயிரோடு இருக்கிறது என்று இன்னொன்றில் இருக்கிறது. எது சரி மேடம்?
— ஒரு மாணவன், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் சரி தம்பி. நல்ல கேள்வி.

கிருமி சுறுசுறுப்பாக உற்பத்தி நடத்துகிற செல்லின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு நாள். அதற்குள் அது செல்லின் வளர்ச்சியையே தன் தோதுக்கு மாற்றிவிடும். செல் இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன்னால் ஜி2 என்று ஒரு கட்டம் படித்திருப்பாய். கிருமியின் விபிஆர் என்ற புரதம் செல்லை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. செல் பிரியவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது. ஆனால் கிருமியின் மரபணு நன்றாக வாசிக்கப்படுகிற நேரம் அதுதான்.

பாடத்தில் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சாகிற சி.டி.4 செல்களில் பெரும்பாலானவை கிருமி உற்பத்தி நடக்கிற செல்களே இல்லை. சும்மா இருந்த செல்லுக்குள் கிருமி நுழைகிறது. டி.என்.ஏ. எழுத ஆரம்பித்து, சரக்கு போதாமல் பாதியில் நிற்கிறது. அந்த அரைகுறை டி.என்.ஏ.வைச் செல் மோப்பம் பிடித்து, தன்னைத்தானே வெடித்துக்கொள்கிறது. நெறிக்கட்டித் திசுவை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், இறந்த செல்களில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படிப்பட்டவை. வெடிக்கும்போது அழற்சிப் பொருள்கள் சிதறுகின்றன, அதைப் பார்த்துப் புதுச் செல்கள் அங்கே ஓடி வருகின்றன, அவையும் மாட்டுகின்றன.

இனி பல வருடம் இருக்கிற செல்லுக்கு வருவோம். விழித்திருந்தபோது கிருமி பிடித்து, சாவதற்குள் திரும்பத் தூங்கப் போய்விட்ட செல் அது. கிருமியின் டி.என்.ஏ. அதன் மரபணுவுக்குள் ஒட்டிக்கொண்டு பேசாமல் கிடக்கும். மாத்திரையால் அதைத் தொட முடியாது, ஏனென்றால் மாத்திரை தடுக்கிற எந்த வேலையும் அங்கே நடக்கவில்லை. இந்தச் செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே 44 மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழுசாகப் போக 70 வருடத்துக்கு மேல்.

ஏன் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்று தேடியபோது 2014-ல் ஒரு விஷயம் தெரிய வந்தது. சிலருடைய செல்களில் கிருமி போய் ஒட்டியிருந்த இடம், செல் வளர்ச்சியை நடத்துகிற மரபணுக்களுக்குள். பாக்2 என்பது அதில் ஒன்று. அப்படி ஒட்டிய செல் பிழைத்துப் பெருகுகிறது. பிரியும்போது கிருமியின் டி.என்.ஏ.வும் சேர்ந்தே நகல் ஆகிறது, கிருமி ஒரு வேலையும் செய்யாமலே. புதுத் தொற்று ஒன்று கூட நடக்காமல், செல்லின் சாதாரண வளர்ச்சியே கிருமியின் இருப்பைக் காப்பாற்றுகிறது. இதை முதலில் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

செல்லின் வளர்ச்சிக்கு எம்டார் என்று ஒரு புரதம் மேஸ்திரி மாதிரி. அதை அடக்கினால் அச்சுத் துண்டுகள் குறைந்து, கிருமி டி.என்.ஏ. எழுதுவதும் குறைகிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதை அடக்குகிற மருந்து, சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக் கொடுக்கிற மருந்து. கிருமியை நிறுத்தி, காவலையும் நிறுத்தினால் என்ன லாபம்? கிருமி பிடித்த செல்லின் வளர்ச்சியை மட்டும் தொடுகிற வழி வேண்டும். நீ மேலே படிக்கப் போகிறாய் என்றால் இதை எடுத்துப் படி தம்பி.

கேள்வி: 2007 முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். நாலைந்து வருடத்தில் கன்னம் ஒட்டி, காலெல்லாம் குச்சியாகிவிட்டது. ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். அது கிருமியாலா, மருந்தாலா? புது மாத்திரைக்கு மாறிய பிறகு வயிறு போடுகிறது.
— தாராபுரம் வாசகர்

பதில்: கன்னம் ஒட்டியது பெரும்பாலும் மருந்தால். அந்தக் காலத்துக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. கிருமி டி.என்.ஏ. எழுதுவதைத் தடுக்க வந்த மருந்து, நம் செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா தன் டி.என்.ஏ.வை எழுதுவதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியா கெட்டால் கொழுப்புச் செல்கள் தேய்ந்துபோகும், முகத்திலும் கைகாலிலும் அது முதலில் தெரியும். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. உங்கள் உயிரைக் காப்பாற்றிய மருந்தும் அதுதான், உங்களை ஊருக்குக் காட்டிக்கொடுத்த மருந்தும் அதுதான். கன்னத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு ரத்தம் கொடுக்க வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதையும் தாண்டி வந்திருக்கிறீர்கள்.

மூன்று மருந்து சேர்ந்த இப்போதைய டி.எல்.டி. மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிர் என்ற மருந்தால் சிலருக்கு எடை கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் வருடத்துக்கு ஒரு தடவை கொழுப்பும் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட வேண்டி வந்தால், டி.எல்.டி. சாப்பிடுகிறேன் என்று அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் ரத்தத்தில் கூடிவிடும், அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

கேள்வி: மருமகள் ஐந்து மாதம். அவளுக்கு எச்.ஐ.வி. மாத்திரையும் உண்டு, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சாப்பிடலாமாங்க?
— ஒரு மாமியார், கோபி பக்கம்

பதில்: வெறும் வயிற்றில் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேர விடாது. சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் கழித்தோ எச்.ஐ.வி. மாத்திரையைக் கொடுங்கள். அப்படிப் பிரிக்க முடியாவிட்டால், வயிறாரச் சாப்பிட வைத்துச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் வேறு வேறு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பிரசவத்துக்கு முன்னால் வைரல் லோடு ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். கிருமி அடங்கியிருந்தால் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு.